தேவாங்கு வரை

பனியன் கம்பெனிச் சம்பளத்தில்
தவணைக்குச் சேர்த்தேன் கலைக்களஞ்சியம்.
ஏழாவது தொகுதி வந்த மாசம்
ஸ்டிரைக்.
தேவாங்கு வரை எனக்குத் தெரியும்.
நண்டு, நிலக்கரி, நெப்டியூன்
ஒன்றும் தெரியாது.

மாப்பிள்ளை பேர் நாச்சிமுத்து என்றார்கள்.
வராத தொகுதியின் எழுத்து.
இருந்தும் தலையாட்டினேன்.

இப்போது கைபேசியில் எல்லா எழுத்தும்.
அவர் குறட்டைக்கு இந்தப் பக்கம்
நடுராத்திரி
நொய்யலைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்:
சாயப்பட்டறையில் சிவப்பு ஆர்டர் என்றால்
ஆறும் சிவப்பு.

விடிந்து பார்த்தால்
வரியின் வாலில் பொடி எழுத்து:
சான்று தேவை.

போர்த்தண்ணியில் அலசின வெள்ளைத்துண்டைக்
கொடியில் விரித்துப்
போனைத் தூக்கிப் பிடிக்கிறேன்.
பல் விளக்கிக்கொண்டே கேட்கிறார்,
"துண்டுக்கு எதுக்கம்மிணி போட்டோ?"