சும்மா கிடக்கும் இழை

பாலத்தின் வயிற்றுக்குள் இரண்டு கண்ணாடி இழைகள்.
ஒன்றை கான்கிரீட்டோடு ஒட்டியிருக்கிறோம்,
அது இழுபட்டால் இதுவும் இழுபடும்.
மற்றது பக்கத்துக் குழாய்க்குள்
தளர்வாகக் கிடக்கிறது, எதையும் தாங்காமல்.

எதற்கு அந்தச் சோம்பேறி என்றார் நகராட்சிக் கணக்கர்.
குளிருக்கு என்றேன்.
ஹெஸ்தோயில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரியில்தான் திரும்பும்.
பாலம் குளிரிலும் அசையும், பாரத்திலும் அசையும்.
சோம்பேறி சொல்வதைக் கழித்தால்
மிச்சம் பாரம்.

ஒளியை அனுப்புகிறேன்.
கண்ணிக்கு ஒரு நிறம் திரும்பி வருகிறது,
சிவப்புக்கும் அப்பால், கண் காணாத நிறம்.
இழுபட்ட இடத்தில் அது துளி நகர்ந்திருக்கும்.
எனக்குக் கிடைக்கும் செய்தி அவ்வளவுதான்.

இரவு இரண்டேகாலுக்கு ஊத்வாரின் சால்மன் லாரி.
ஏழாம் கண்ணி எழும்பி அடங்கும்.
அளவுக்கு மீறி ஏற்றிய இரவுகள் எனக்குத் தெரியும்.
எழுதி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் ஒன்பது. லாரி போய்விட்டது.
கோடு அடங்கியது,
முழுக்க அல்ல.
பத்து லட்சத்தில் பதினொரு பங்கு
திரும்பி வரவே இல்லை.
குளிரைக் கழித்தேன். மறுபடி கழித்தேன்.
சோம்பேறி அசையாமல் கிடந்தான்.
ஐந்து மணிக்குத் தடுப்பை இறக்கச் சொன்னேன்.

மூன்று நாள்.
தீவில் பால் தீர்ந்தது.
ஷெர்ஸ்டிக்கு வலி எடுத்தபோது படகில் கொண்டுபோனார்கள்,
அலையில் பிறந்த குழந்தைக்கு என் பெயரை
வசையாகச் சொன்னார்களாம்.
ஊத்வார் என் அலுவலக வாசலில் ஒரு பெட்டி மீனை
இறக்கிவிட்டுப் போனார், நாறட்டும் என்று.
அந்தக் குளிரில் அது நாறவும் இல்லை.

நான்காம் நாள் காற்று தணிந்தது.
சில்யே கயிற்றில் தொங்கிச் சுத்தியலால் தட்டி வந்தாள்.
ஐந்தில் மணி போல ஒலித்தது.
ஆறிலும்.
ஏழில் ஈர மரத்தைத் தட்டியது போல.
அவள் கீழிருந்து என்னைப் பார்க்கவில்லை,
இன்னொரு தடவை தட்டினாள்.

பாலமா சொன்னது, என்று கேட்டார் ஊத்வார்,
தொப்பியைக் கழற்றாமல்.
பாலம் எதுவும் சொல்லவில்லை.
நிறம் நகர்ந்தது. சொன்னது நான்.
தாமதமாக.
என் நோட்டில் பதினான்கு இரவுகள் இருந்தன.
அதை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
இருவரும் வாசித்தோம்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது
இடது தோள் வலித்தது.
குளிரா, வேறு ஏதுமா?
கழித்துப் பார்க்க
எனக்குள் எதுவும் சும்மா கிடக்கவில்லை.