பத்தொன்பதாம் எண் ஸ்பேனர்

சலிமாவுக்கு மேற்கே அந்தக் கிராமத்தில்
வழியனுப்பு ஏழு மணிக்கு என்றார்கள்.
ஒன்பதரைக்குத் தொடங்கியது.
ஒரே நீலச் சட்டையில் நாங்கள் ஒன்பது பேர்.
முதுகில் சபையின் பெயர்,
அதன் கீழே வசனம்,
வசனத்தில் ஓர் எழுத்துப்பிழை.
மாமரத்தடியில் எங்களுக்கு மட்டும் நாற்காலி.
தரையில் உட்கார்ந்தவர்களின் தலைகளுக்கு மேலாக
நான் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறு நாளில் ஐந்து அடிபம்பு.
நான்கில் நல்ல தண்ணீர்.
ஐந்தாவதில் உப்பு.
அறிக்கையில் ஐந்து என்றே எழுதினோம்.

போதகர் ஏழு நிமிடம் பேசியதை
டியாமிகே ஒரே வாக்கியத்தில் மொழிபெயர்த்தான்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அடுத்து என் முறை.
ஆங்கிலத்தில் பேசினாலும் எனக்கு
அம்மா வீட்டு வாக்கியம்தான் வந்தது:
போய்விட்டு வருகிறேன்.
அவன் அதைச் சுருக்கவில்லை.
சொல்லுக்குச் சொல் கொண்டுபோய் இறக்கினான்.

பின்வரிசையிலிருந்து ஃபலேசி கேட்டாள்,
"எந்த மாதம்?"
யாரும் சிரிக்கவில்லை.
"மழைக்கு முன்பா, பிறகா?"

'போகிறேன்' என்பது எங்களுக்கு ஆகாது,
சும்மா ஒட்டவைத்த வால் இந்த 'வருகிறேன்' என்று
இரண்டு மொழி தாண்டி எப்படி விளக்க?
சாவு வீட்டில் மட்டும்
அதைச் சொல்லாமல் எழுந்து வருவோம்.
அப்படி எழுந்து வந்திருக்கலாம்.

ஃபலேசி தண்ணீர்க் குழுவின் பொருளாளர்.
மூன்றாம் நாள் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கியவள்
சாயங்காலம்தான் திருப்பித் தந்தாள்.
பதினோராம் நாள்
முழுப் பம்பையும் கழற்றிப் பூட்டினாள்.
வாஷரை விரலால் தடவிப் பார்த்து
இது இன்னும் ஒரு வருடம் என்றாள்.
நான் ஆறு மாதம் என்றேன்.
நெல்லிக்காய் அளவுகூட மரியாதை இல்லாமல்
தலையை ஆட்டினாள்.

கூட்டம் கலைந்தபோது அருகே வந்தாள்.
கால் கட்டிய ஒரு பழுப்புக் கோழி,
அவளுடையதுதான், எனக்குத் தெரியும், முட்டையிடுவது.
"கோழி உனக்கு. ஸ்பேனர் எனக்கு."

கருவிப் பட்டியலில் அது பதினான்காவது வரிசை,
சிவப்புப் பெயின்ட்டில் எண் போட்டது,
திருப்பி ஒப்படைக்க வேண்டியது.
அனுப்பி வைக்கிறேன் என்றேன்.
கோழியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பிதானி ப்வினோ என்றாள்:
நல்லபடி போங்கள்.
த்சலானி ப்வினோ என்று நான் சொல்ல வேண்டும்:
நல்லபடி இருங்கள்.
இரண்டிலும் வருவது என்ற பேச்சே இல்லை.
பதினாறு நாளாக இதைத்தான்
தினம் காதில் கேட்டிருக்கிறேன்.

வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடிவரவில்லை.
பம்பின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.
லிம்பிகானி வழியெல்லாம்
கண்ணாடியில் கோழியைப் பார்த்தபடி ஓட்டினான்.
விமான நிலைய வாசலில்
அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை,
கோழி கை மாறியது.

பெட்டியில் எடை கூடுமென்று
ஸ்பேனரைத் தோள்பையில் போட்டிருந்தேன்.
லிலோங்வே சோதனை மேசையில்
சீருடைப் பெண் அதைத் தூக்கிப் பிடித்தாள்.
இது எதற்கு?
பம்புக்கு.
எந்தப் பம்பு?
ஊர் பெயரைச் சொன்னேன்.
என் நாத்தனார் கட்டிக்கொண்டு போனது பக்கத்து ஊர்தான்
என்று மலர்ந்தாள்.
ஒரு கணம் நம்பினேன்.
பிறகு அதைத் தொட்டியில் போட்டாள்,
நகவெட்டிகளுக்கும் லைட்டர்களுக்கும் மேலே.
விதி, என்றாள்.

நாங்கள் சொல்லும் அதே விதியா என்று தெரியவில்லை.

அவள் நாட்டிலேயே,
அவளிடமிருந்து நூறு கிலோமீட்டரில்,
பிளாஸ்டிக் தொட்டிக்குள் கிடக்கிறது.

அலுவலகத்தில்
பதினான்காவது வரிசைக்கு எதிரே
'தொலைந்தது' என்று எழுதச் சொன்னார்கள்.
'ஃபலேசியிடம்' என்று எழுதினேன்.
முந்நூற்று நாற்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே பிப்ரவரி.
அங்கே மழை
பாதிக்கு மேல் பெய்திருக்கும்.