முள் இல்லாத பம்பு

எலியேசெரின் கடையில்
கண்ணாடிக்கு அடியில் படுத்திருந்தன நான்கு பம்புகள்.
மீன் வாங்க வந்தவள்போல் குனிந்து நின்றேன்.
எதன் கண் தெளிவு, எதன் செவுள் சிவப்பு?

முதலாவது உதட்டுச்சாயக் குழல் அளவு.
சட்டைப் பையில் போட்டால் போட்டதே மறந்துவிடும்.
எத்தனை அடி அடிக்க வேண்டும் என்றேன்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"முந்நூறு, சென்யோரா ஒலிவா" என்றான்
ஏதோ தன் தவறுபோல.
அது கடலோரத்து முந்நூறு.
தோத்தா ஏரிக்கரையில், மூவாயிரம் மீட்டர் உயரத்தில்,
ஒவ்வொரு இழுப்புக்கும் பம்பு
முக்கால் வாய் காற்றைத்தான் குடிக்கும்.
"நானூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்."
நான் வைத்துக்கொண்டேன்.
என் முழங்கை வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது பம்பே அல்ல, வாயு அடைத்த உருளை.
திருகினால் ஒரே சீறல்.
பந்தயக்காரர்கள் வாங்குவது.
வால்வில் சரியாக உட்காராவிட்டால்
இருக்கிற அந்த ஒரு மூச்சும் வயலுக்கு.
போன மாதம் நிதியாவுக்கு அப்படித்தான்.
விரல்கள் விறைத்துப்போய்,
வெங்காயத்தாள் பாத்தியோரம்
தன் பணம் வெள்ளைப் புகையாய்ப் போவதைப்
பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மூன்றாவதன் வயிற்றில் சின்ன வட்டம்,
வட்டத்துக்குள் முள்.
எலியேசெருக்கு அதில்தான் பெருமை.
"காற்று எவ்வளவு என்று அதுவே சொல்லும்."

நான் என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா, எலியேசெர்?
ஏரியைச் சுற்றி நூற்றுப் பத்து வீடுகளுக்குத்
தண்ணீர் மீட்டர் பார்க்கிறேன்.
ஈரம் புகுந்து வீங்கிய முள்,
சிலந்தி கூடு கட்டிய முள்,
வீட்டுக்காரர் காந்தம் ஒட்டித் தூங்கவைத்த முள்.
முள் சொல்வதை நம்பும் வயது எனக்குப் போயாயிற்று.
என் டயரில் ஏறுவதும் முள்தான்.
முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்பார்கள்,
சரி, எடுக்கலாம்.
கணக்குக் கேட்க முடியாது.

நான்காவதை அவன் காட்டவே இல்லை.
ஒன்றரைச் சாண். கறுப்பு. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.
அடியில் மடக்கி வைத்த ஒற்றைக்கால்,
பக்கத்தில் சுருண்ட ரப்பர் குழாய்.
அந்தக் குழாய்க்காகத்தான் கேட்டேன்.
பழைய பம்புக்கு அது கிடையாது.
வால்வை நேராகக் கவ்விக்கொண்டு
நான் ஆட அதுவும் ஆடி
குய்த்தீவா மேட்டில்
கழுத்தோடு முறிந்தது வால்வு.
ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடலாம்.
கழுத்துக்கு?
பதினொரு கிலோமீட்டர், சைக்கிளை நான் தள்ள
என்னை மழை தள்ளியது.

வாங்குமுன் அடித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.
வாசலில் நின்ற புது சைக்கிளின் காற்றைப் பிடுங்கினேன்.
அவன் முகத்திலிருந்தும் கொஞ்சம் இறங்கியது.
தரையில் கால் ஊன்றி, உடம்பின் பாரத்தை விட்டு அடித்தேன்.
தொண்ணூற்றாறு.
மூச்சு வாங்கியது, ஆனால் மூச்சு மிச்சமிருந்தது.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை, தூறல்.
அக்கித்தானியா தாண்டி, பின் சக்கரம்.
டியூபை மாற்றிவிட்டு
எண்ணிக்கொண்டே அடித்தேன்.
அறுபதில், சேற்றில் பூட்ஸ் சளக் சளக்கென
ருவானா போர்த்திய ஒருவர் வரப்பேறி வந்தார்.
டோன் ஹெர்மோஹெனெஸ்.
காந்தக்காரர்.
போன வாரம்தான் அவர் மீட்டரைப் பற்றி
அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.
ஒன்றும் பேசாமல்
சாய்ந்துகொண்டிருந்த சைக்கிளை
நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.
தண்ணீரைப் பற்றி அவரும் எடுக்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
எண்ணிக்கை எங்கேயோ விட்டுப்போனது.

கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்து,
"போதும்" என்றார்.

நானும் அழுத்திப் பார்த்தேன்.
போதும்தான்.

அவர் சொன்னார் என்பதால்
இன்னும் இருபது அடித்தேன்.