பதினாலாம் குழாய்

நிலாவெளி வீதி, ஆறாம் கட்டைக்கு அப்பால்
இரவு பஸ் ஏறிய முத்திரைப் புடையன்.
விடிய முன் போனால்தான் கிடைக்கும்,
பிந்தினால் காகங்கள் பங்கு பிரித்துவிடும்.
சபூர்தீன் ஓட்டோவை ஓரங்கட்டி
"மிஸ், செத்ததுதானே?" என்று மூன்று தரம் கேட்டான்.
செத்ததுதான்.
ஆனாலும் வாலை இடுக்கியால் தூக்கும்போது
என் விரல்கள் அதை நம்பவில்லை.

வால் நுனியில் அரிசிமணி அளவு ஒரு துண்டு.
எதனோல் குழாயில் போட்டு
பென்சிலால் எழுதினேன்: பதினாலு, பெண்.
பேனை மையை எதனோல் தின்றுவிடும்.
ஒரு வருட மாதிரிகளைப் பெயரில்லாமல் ஆக்கித்தான்
இதைப் படித்தேன்.

இவளுடைய தாயின் தாயின் தாய், இன்னும் எத்தனையோ தாய்,
கடல் வற்றிக் கிடந்த காலத்தில்
மன்னார்ப் பக்கமாக வந்திருக்கலாம்.
நீந்தியல்ல.
எலிக்குப் பின்னால்,
நாளுக்கு ஒரு பற்றை தூரம்.
பிறகு தண்ணீர் ஏறியது.
யாரும் யாருக்கும் கை காட்டவில்லை,
பாம்புக்குக் கை இல்லை.

இழைமணி தாயிடமிருந்து மட்டும்தான் வரும்
என்று வளாகத்தில் படிப்பித்தபோது
கொட்டியாரத்துப் பிள்ளைகள் வியக்கவில்லை.
என்ன குடி என்று கேட்டால்
அம்மாவின் குடியைச் சொல்கிற ஆட்கள் நாங்கள்.
அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்.

தம்பலகாமத்தில் வெட்டுக்குப் போன கோணாமலைக்குக்
குதிக்காலில் இரண்டு புள்ளி.
ஆஸ்பத்திரியில் அவருடைய இரத்தம்
கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் இருந்தது,
உறையவில்லை.
குப்பி குப்பியாக ஏற்றினார்கள்.
லேபிளில் அக்கரை விலாசம்.
அக்கரைப் பாம்புகளைக் கறந்து
குதிரைகளுக்குக் குத்தி எடுத்த மருந்து அது.
குளிர்ப்பெட்டியில், முத்திரையோடு,
யாரும் மறிக்காமல் வந்தது.
வந்து எங்கள் நஞ்சைப் பார்த்து
எங்கேயோ கண்ட முகம் என்று யோசித்தது.
அது யோசித்து முடிப்பதற்குள்
அவருடைய சிறுநீர் கறுத்துப் போனது.

அதனால்தான் குழாய்கள் பதினாலும் அங்கே போகவேண்டும்.
ஒன்றுவிட்ட சகோதரிகள்
ஏதோ ஓர் உறைபெட்டியில் இலக்கங்களோடு கிடக்கிறார்கள்.
வனசீவராசிகள் திணைக்களத்துப் படிவம் மூன்று மொழியில்.
உயிருள்ளதா, உயிரற்றதா?
பெறுமதி?
பூச்சியம் என்று எழுதினேன்.
"பூச்சியத்தைக் கொம்பியூட்டர் எடுக்காது" என்றார் அலுவலர்.
ஒரு ரூபாய் போட்டேன்.
பதினாலு பாம்புக்கும் சேர்த்து.
அது நடந்து ஏழு மாதம்.

மண்டபம் முகாமில் பிறந்த துவாரகா,
என் சின்னம்மாவின் மகள்,
ஃபோனில் படம் பார்த்துவிட்டு
"ஐயோ, கண்ணாடி விரியன்!" என்றாள்.
புடையன் என்றேன்.
அவள் ஆமா என்பாள், நான் ஓம் என்பேன்.
நாங்கள் ஒரே குடி.
எந்த நாடு என்று கேட்கும் கட்டத்தில் மட்டும்
அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு
யாராவது சொல்லட்டும் என்று விடுகிறாள்.

பதினோராம் நாள் துண்டு வெட்டிக்கொண்டு வெளிக்கிட்ட கோணாமலை
என்னிடம் கேட்டார்:
"தங்கச்சி, எனக்குள்ள இப்ப குதிரையும் கிடக்கோ?"
கொஞ்சம், என்றேன்.
"அப்ப தோட்டத்தைச் சுத்தி ஓடலாம்" என்று சிரித்தார்,
மனிசியின் தோளைப் பிடித்தபடி
படி இறங்கத் தெரியாமல்.

நேற்று மாலை, இறக்கக்கண்டி தாண்டி
சபூர்தீன் திடீரென்று எஞ்சினை நிறுத்தினான்.
வீதிக்குக் குறுக்கே ஒருத்தி.
தடித்த வயிறு, இன்றைக்கோ நாளைக்கோ.
குட்டிகளாகவே போடும் இனம் இது.
அவசரமே இல்லை அவளுக்கு.
பின்னால் புல்மோட்டை பஸ், லைட் போட்டுக்கொண்டு.
செத்ததா என்று என்னைக் கேட்காமல்
சபூர்தீன் இறங்கினான்.
தோள் துவாயை உருவி
வீதி நடுவில் நின்று வீசினான்.
ஹோர்ன். வசவு. தூசி.
பதினைந்தாம் குழாய் என் மடியில்
மூடி திறக்காமல் கிடந்தது.
அவள் தாழம்பற்றைக்குள் போய் முடியும்வரை
பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும்
பிந்தியது.