தூக்குவாளியில் ஒரு மீன்

குஞ்சப்பனை சோதனைச்சாவடியில்
எனக்குக் கொடுத்த வேலை கேள்வி கேட்பது.
எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர்,
எத்தனை நாள் தங்கல், எதற்காக.
இ-பாஸை ஸ்கேன் செய்தால் கருவி 'கீ' என்னும்.
அந்தக் 'கீ'க்குப் பிறகு
யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

போஜராஜுக்கு பாட்டில் பறிக்கும் வேலை.
டிக்கியைத் திறந்து, சீட்டுக்கடியில் கையை விட்டு
தண்ணீர் பாட்டில், கேரிபேக், எல்லாம் சாக்குக்குள்.
கிலோ பன்னிரண்டுக்குத் தேயிலை போட்டு நொடித்தவர்.
"இப்பவும் பறிக்கிறதுதான், புஷ்பகாந்தி.
கொழுந்துக்குப் பதிலா பாட்டில்" என்பார்.
சிரிக்கமாட்டார். எனக்கும் சிரிப்பு வராது.
அதில்தான் எங்களுக்கு ஒத்துப்போனது.

நான் திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன்.
அவினாசியில் ஒருவருக்கு இரண்டு வருடம் மனைவியாக இருந்தேன்.
இரண்டிலிருந்தும் நின்றுகொண்டேன்.
மேலே தங்கச்சி வீடு, கீழே அண்ணன் வீடு.
நடுவில் பஸ் நின்றது, இறங்கினேன்.

மே மாதத்து ஞாயிறு.
வரிசை மூன்று வளைவுக்குக் கீழே போயிருந்தது.
சாக்குக்குள் ஒரு பாட்டில் தானாக அசைந்தது என்றார்.
வெயில் தலைக்கேறிவிட்டது என்றேன்.
கையை விட்டுத் துழாவி எடுத்தார்:
அரை லிட்டர் தண்ணீரில்
விரல்கடை நீளத்துக்கு ஆரஞ்சு நிற மீன்.
மூடியில் யாரோ ஊக்கால் குத்திய மூன்று ஓட்டை.

எந்த வண்டி, எந்தக் குழந்தை?
அன்றைக்கு மட்டும் எண்ணூற்றுப் பதினாறு வண்டி.
மூன்று நாள், இறங்குகிற ஒவ்வொன்றையும்
கைகாட்டி நிறுத்திக் கேட்டோம்.
மீனை விட்டுட்டுப் போனீங்களா?
ஒருத்தர், வறுவலா குழம்பா என்றார்.
அவர்கள் குன்னூர் வழியாக இறங்கியிருக்க வேண்டும்.

பாட்டிலுக்குத் தடை.
மீனைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றுமில்லை.
என் சாப்பாட்டுத் தூக்குவாளிக்கு மாற்றினோம்.
ஒரு வாரம் அவர் அறை, ஒரு வாரம் என் அறை.
திங்கட்கிழமை கைமாறும்போது
மீனைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்:
ராத்திரி தூங்கலை போல.
தனியா இருந்தா ஒரே இடத்துல நிக்குது.
இந்த வாரம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு.
சாப்பிட்டுச்சா?
சாப்பிட்டுச்சு. நீங்க?

பலா பழுத்ததும் யானைகள் வந்தன.
ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு
கொம்பன் ஒன்று ரோட்டின் நடுவில் நின்று
பழத்தைக் காலால் உடைத்து
யாருக்கும் அவசரமில்லாதது போலத் தின்றது.
விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார் வனக்காவலர்.
இரண்டு பக்கமும் வண்டிகள் மூச்சடக்கி நின்றன.
தகரக் கொட்டகைக்குள் பலா வாசனை, இருட்டு,
என் மடியில் தூக்குவாளி.

"எங்கிருந்து வர்றீங்க?"
மிக மெதுவாக, என் தொனியிலேயே கேட்டார்.
உங்களுக்குத் தெரியுமே.
"எங்க போறீங்க?"
தெரியலை.
"எதுக்காக?"
அதுவும்.
"எத்தனை நாள்?"
நான் பேசவில்லை.
"அப்ப பாஸ் கிடைக்காதுங்க."

கருவியை எடுத்து இருட்டில் துழாவி
அவர் நெற்றியில் வைத்து
வாயாலேயே 'கீ' என்றேன்.
யானை ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது.

ஜூன் முப்பதோடு ஒப்பந்தம் முடிந்தது.
பச்சைக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தோம்.
மேலே போகிற பஸ் முதலில் வந்ததால் அதில் ஏறினோம்.
கீழே போவது வந்திருந்தால் அதில்.
கண்டக்டர் எங்கே என்றார்.
நான் போஜராஜைப் பார்த்தேன்.
அவர் தூக்குவாளியைப் பார்த்தார்.
"ரெண்டு."
ரெண்டு சரி, எங்கே?
"முதல்ல ரெண்டு கிழிங்க. சொல்றோம்."

வளைவுக்கு வளைவு மூடியைக் கொஞ்சம் திறந்து
காற்று விட வேண்டும்.
அரவேனு தாண்டும்போது மழை ஜன்னலில் அறைந்தது.
கண்ணை மூடிக்கொண்டே
தூக்குவாளியை என் பக்கம் நகர்த்தினார்:
"அடுத்த வளைவு உன்னோடது."