விதி பதினொன்று

ஞாயிறு மாலை ஆறேகால்.
சூரமங்கலம், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் அறை.
நாற்பத்தொரு பேருக்குப் பதினான்கு நாற்காலி.
ஜங்ஷனில் ஏதோ ஒரு வண்டி தாமதமென்று
மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிற்றரசு வரவில்லை.
ஜவ்வரிசி ஆலை, இரண்டு கல்லூரி, புறவழிச்சாலை ஓரமாய் நிலம்
என்று இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது.
அவர் அனுப்பிய பையன் படம் காட்டும் கருவியைச் சுவருக்குத் திருப்பினான்.
வெள்ளையடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதை
அந்த வெளிச்சம்தான் எங்களுக்குச் சொன்னது.

ஆறு அணிகள் பிரிந்து வரும். புது லீக்.
ராத்திரி விளக்கில் ஆட்டம், செல்போனில் நேரலை.
"முக்கியமா, அண்ணா,
இதுல யாரும் கீழ இறங்க வேண்டியதில்ல.
கடைசியா வந்தாலும் அடுத்த வருஷம் உங்க இடம் உங்களுக்கு."

பின்வரிசையில் பொம்மண்ணன் சிரித்துவிட்டார்.
எண்பத்தொன்பதில் டேனிஷ்பேட்டைக்காரர்களிடம்
கணுக்கால் சேற்றில் தோற்று
இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியவர்.
திரும்பி ஏற ஏழு வருடம்,
ஏற்காட்டு பஸ் மாதிரி
வளைவுக்கு வளைவு கியர் மாற்றி, நடுவில் வாந்தியெடுத்து.
"இறங்காத வண்டி எங்கப்பா ஏறும்?" என்றார்.
பையன் அதைக் குறித்துக்கொண்டான். எதற்கென்று தெரியவில்லை.

பெயர், சிவப்பு கறுப்புச் சட்டை, பதிவு எண்,
மொத்தமாக இருபது லட்சம்.
அறை முழுக்க நாற்பத்தொன்றால் வகுத்துக்கொண்டிருந்தது.
நானும் வகுத்தேன்.
செயலாளருக்கும் நர்சிங் படிக்கும் மகள் உண்டு.

பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து
கார்பன் மணம் போகாத தாள்களை வாசித்தேன்.
விதி பதினொன்று, உட்பிரிவு இ:
சங்கத்தின் சொத்து எதுவும்
உறுப்பினர்களுக்குள் பங்கிடப்படலாகாது.
எழுபத்திரண்டில் யாரோ ஒரு ரயில்வே குமாஸ்தா தட்டச்சு செய்தது.
கடைசிச் சொல்லில் துணைக்கால் ஒன்று விட்டுப்போய்
பேனாவால் சேர்த்திருந்தார்.

மின்விசிறிச் சத்தம்.

சேர்வராயன் எழுந்தான். எங்கள் கோல்கீப்பர்.
நாகலூரிலிருந்து கொண்டை ஊசி இருபதும் இறங்கி
பயிற்சிக்கு வருகிறவன்.
"முட்டி ஆபரேஷனுக்கு
செவ்வாப்பேட்டையில என் வீட்டுக்காரி கொலுச வச்சேன்.
அன்னிக்கு எந்த விதி வந்துச்சு?"
அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களும்
உட்கார இடமில்லாமல் நின்றன.
என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

மாவட்டச் சங்கத்தின் கடிதத்தையும் வாசித்தேன்:
அங்கீகாரமற்ற போட்டியில் ஆடுவோருக்கு இரண்டாண்டுத் தடை.
அந்தச் சங்கத்துக்கே தேர்தல் நடந்து ஒன்பது வருடமாச்சு
என்றது ஒரு குரல்.
குறிப்பில் அதை எழுதவில்லை.

கை தூக்கச் சொன்னேன்.
விற்கலாம் என்று இருபத்துநான்கு.
ஐந்தில் மூன்று பங்கு வேண்டும், அதாவது இருபத்தைந்து.
ஒரு கை குறைவு.
நான் தூக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்
என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை பெயர் எங்களிடம் இருந்தது,
ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் இல்லை.
சிற்றரசு வேறு பெயர் வைத்துக்கொண்டார்.
பெயருக்கா பஞ்சம்.

ஆடியில் முதல் ஆட்டம், மிச்சமிருந்த நான்கு அணி லீக்.
பாலிடெக்னிக் பையன்கள்,
அரைநாள் விடுப்பில் வந்த ஒரு கூரியர்காரன்.
அதே டேனிஷ்பேட்டை. ஐந்து பூஜ்யம்.
கோல்கம்பத்துக்குப் பின்னால்
வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசிக்காற்றில்
தொண்ணூறு நிமிடமும் ஒருத்தன் கத்திக்கொண்டேயிருந்தான்:
"லெஃப்ட்ல வாடா! கம்பத்த விட்டு வெளிய வா!"
புது லீக்கின் பச்சைச் சட்டை.
நெஞ்சில் ஜவ்வரிசி ஆலையின் பெயர்.

ஆட்டம் முடிந்து வந்து இருபது ரூபாய் நீட்டினான்.
மாதச் சந்தா.
தாள்களை மறுபடி புரட்டினேன்.
போனவன் சந்தா கட்டக்கூடாது என்று எங்கும் இல்லை.

ரசீது எழுதினேன். கை என்னவோ நிற்கவில்லை;
சேர்வராயனில் துணைக்கால் ஒன்று விட்டுப்போய்
மேலே சேர்த்துக் கொடுத்தேன்.