இரண்டு அளவு பெரிது

இமேதாவின் பூட்ஸ் எனக்கு இரண்டு அளவு பெரிது.
ஆகஸ்டில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து
முழங்கால் போய்விட்டது அவனுக்கு.
செம்மறிகளுக்கு அதெல்லாம் தெரியாது.
பனி கணவாயை அடைப்பதற்குள்
மலை இறங்கியாக வேண்டும்.
ஆகவே நான்.
இரண்டு ஜோடிக் காலுறை,
விரல் நுனியில் கசக்கித் திணித்த செய்தித்தாள்.

நாய்கள் ஏழு.
காது வெட்டியவை, ஓநாயோடு கட்டிப் புரண்டவை.
ஒன்றுகூட என்னைக் கடிக்கவில்லை.
அபானோ கணவாய்க்கு இன்னும் பாதி வழி இருக்கும்போதே
கடித்தது பூட்ஸ்தான்.

இருட்டுவதற்கு முன் கழற்றினேன்.
இடது குதிகாலில் ஒன்று,
பச்சைத் திராட்சைபோல, உள்ளே வெளிச்சத்தோடு.
வலதில் இரண்டு. அதில் ஒன்று உடைந்து
காலுறையை விடமாட்டேன் என்றது.

கூடிவிட்டார்கள் வைத்தியர்கள்.
தோர்க்வா ஊசியை நெருப்பில் காட்டினான்:
"கம்பளி நூலைக் கோத்து உள்ளே விடு.
விடிவதற்குள் நீர் வற்றும்."
"விடிவதற்குள் சீழ் வைக்கும்" என்றான் ஷெத்தே.
"தோலைத் தொடாதே. தேன் தடவு, கட்டு, படு."
தோர்க்வாவின் மாமன் தேன் தடவி
எறும்போடு படுத்த கதை ஒன்று வந்தது.
இருவரும் என் காலைப் பார்க்கவே இல்லை.
சாச்சா பாட்டில் கைமாறியது.
அதைக் காலில் ஊற்றுவதா வாயில் ஊற்றுவதா என்பதில் மட்டும்
சண்டை வரவில்லை.

பாகர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்
பாதையில் மிதிபட்டுக் கிடந்த இலைகளைப் பறித்து வந்தான்.
பல நரம்பி என்று எங்கள் மொழியில் அதற்குப் பேர்.
நடக்கிற இடத்தில்தான் முளைக்கும்.

ஊசியை வேண்டாம் என்றேன்.
உப்புப் போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீர்.
கழுவிக் கசக்கிய இலை.
உடைந்ததன் மேல் மட்டும் ஒரு விரல் தேன்.
எறும்பு வரவில்லை.
உப்பு பட்டபோது நான் சொன்ன வார்த்தையை
நாய்கள் தலை தூக்கிக் கேட்டன.

மறுநாள் பதினேழு கிலோமீட்டர்.
யாரும் நிற்கவில்லை.
நிற்கச் சொல்லி நான் கேட்கவுமில்லை.
வலியைக் கணக்குப் பார்த்தபடி நடந்தேன்:
இறக்கத்தில் விரல், ஏற்றத்தில் குதி,
சமதரையில் இரண்டும்.

மூன்றாம் நாள்,
முதுகில் நீல மை அடித்த ஒரு பெண்ணாடு
முன்னங்காலைத் தூக்கியது.
நின்றது எண்ணூறு ஆடும்.
குளம்பின் பிளவில் ஒரு கல்.
மூன்று ஆண்களும் மண்டியிட்டார்கள்.
ஷெத்தே அவளை மடியில் சாய்த்துக்கொண்டு
என் மகளிடம்கூடப் பேசாத குரலில் பேசினான்.
"இன்று போதும், பாவம், ஆறட்டும்."

எனக்கு நிற்காத மலை அவளுக்கு நின்றது.
பாறைக்குப் பின்னால் போய்
ஓடையில் காலை விட்டுக்கொண்டு
அவளுக்கு நன்றி சொன்னேன்.
அசை போட்டாள்.

முள்செடிகளில் மாட்டியிருந்த கம்பளியைச் சேகரித்தேன்,
கழுவாததை, அதன் அழுக்கு நெய்யோடு.
செய்தித்தாளை எடுத்துவிட்டு
அதைத் திணிக்க பூட்ஸுக்குள் கைவிட்டபோது
குதிப்பக்கம் ஏதோ தட்டுப்பட்டது.
ஆட்டுத்தோல் ஒட்டு.
கோணல் தையல், பட்டன்கூடத் தைக்கத் தெரியாதவனின் தையல்.
அதன் நடுவில் பழுப்பாய் ஒரு வட்டம்.

ஒன்பது அக்டோபர்
அந்த வட்டத்தைக் காலுறைகளில் தேய்த்திருக்கிறேன்.
மட்டமான தோல், சாயம் போகிறது,
நல்லதாய் ஒன்று வாங்கித் தொலை
என்று கத்தியிருக்கிறேன், நுரைக்கையோடு.
வாங்கலாம், வாங்கலாம் என்பான்.
அவனுக்கும் இது அளவில்லைபோல.

அல்வானி நெருங்கியதும் போனில் கோடுகள் வந்தன.
"ஆடுகள்?"
"எல்லாம் இருக்கு. ஒன்றுக்குத்தான் காலில் கல் ஏறிவிட்டது."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"இப்போ கால் எப்படி?"
யார் காலை என்று நான் கேட்கவில்லை.
"தோல் மூடுது" என்றேன்.